யார் தொடங்குவார்? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஆகஸ்ட் புதிர்

ஜனவரி மூன்றாம் வாரத்தில் தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம் முடிகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆட்டமே கிடையாது. ஆறு மாதத்துக்கும் மேலான பட்டினிக்குப் பின் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ பயிற்சி முகாம்கள் திறக்கின்றன. தடுப்பாட்டம் எப்படி, புதிய வரவுகள் எப்படி என்று ஆயிரம் கேள்விகள் இருந்தாலும் ரசிகர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: இந்த ஆண்டு நம் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் யார்?

2025 ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். நடப்பு சாம்பியனான ஒஹையோ ஸ்டேட் அணியில் ஜூலியன் சேயினா, லிங்கன் கீன்ஹோல்ஸா என்று பேச்சு. இறுதியாட்டத்தில் அவர்களிடம் தோற்றிருந்த நோட்டர் டேமில் சி.ஜே. காரா, கென்னி மின்சியா என்று பேச்சு. பயிற்சியாளர்களிடமிருந்து வாரக்கணக்கில் ஒரே பதில்தான் வந்தது: போட்டி இன்னும் முடியவில்லை, இருவரும் நன்றாக ஆடுகிறார்கள். கடைசியில் சேயினும் காரும் தேர்வானார்கள்.

இத்தகைய செய்திகளைப் புதிதாகப் படிப்பவருக்கு மூன்று இடங்களில் குழப்பம் வரும். ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஏன் இத்தனை வாரங்கள்? முடிவெடுத்த பிறகும் ஏன் மூடி மறைக்கிறார்கள்? தோற்றவர் ஏன் அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்தின் சட்டையில் வந்து நிற்கிறார்? மூன்றாவது கேள்விதான் இன்று முதன்மையானது என்பது என் கருத்து. அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் பெருமளவு விளங்கிவிடும். ஆனால் அதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிட வேண்டும்.

ஆட்டமும் அந்த ஓர் இடமும்

நம் ஊரில் கால்பந்து என்றால் நினைவுக்கு வரும் ஆட்டம் இதுவல்ல. பக்கத்துக்கு 11 பேர். பந்து இரு முனையும் கூர்த்த நீள்வடிவம். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். ஒவ்வொரு முயற்சியும் ஸ்னாப்பில் தொடங்குகிறது: வரிசையின் நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் அனுப்புகிறார். ஏறக்குறைய எப்போதும் அதை வாங்குபவர் குவார்ட்டர்பேக்.

அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் அவர் எதிரணியின் அமைப்பைப் படிக்க வேண்டும். எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். 130 கிலோ எடையுள்ளவர்கள் தன்னை நோக்கிப் பாய்ந்துவரும்போது அதைச் செய்து முடிக்கவும் வேண்டும். 2024 முதல் உயர்மட்டக் கல்லூரி அணிகளில் பயிற்சியாளரின் குரல் ஓர் ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள் ஒலிக்க அனுமதி உண்டு. ஆனால் அடுத்த ஸ்னாப்புக்கு அவகாசம் காட்டும் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எதிரணி இடம் மாறி நின்றால், யோசிப்பது அவர் ஒருவர்தான்.

மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கலாம். நல்ல ஓட்டக்காரர் மூவர் இருந்தால் மூவருக்கும் வேலை உண்டு. கிரிக்கெட்டில்கூட இரண்டு விக்கெட் கீப்பர்களும் நன்றாக மட்டை பிடித்தால் ஒருவரை வெறும் மட்டையாளராக அணியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்கு அந்த வாய்ப்பு அநேகமாகக் கிடையாது. அவர் கோட்டுக்கு வெளியே தொப்பியோடு நிற்பார். இரண்டு குவார்ட்டர்பேக் இருக்கிறார்கள் என்றால் ஒருவர்கூட இல்லை என்று பொருள் என்பது இந்த ஆட்டத்தின் பழமொழி. ஒரே உறையில் இரண்டு கத்தி என்று நாம் சொல்வதன் அமெரிக்கப் பதிப்பு.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2006இல் ஃப்ளோரிடா அணி மூத்தவரான கிறிஸ் லீக்கை முதன்மையாக வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு கெஜம் முட்டித் தள்ளிப் பெற வேண்டிய தருணங்களில் முதலாண்டு மாணவர் டிம் டீபோவை இறக்கியது. இறுதியாட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டை 41-14 என்று வென்றது. அங்கே இருவருக்கும் வேலை வேறு வேறு. ஒரே வேலைக்கு இருவரை வைத்து வெற்றிகண்ட அணிகள் அரிது.

முகாமில் நேரம் எங்கே போகிறது

ஏன் இத்தனை வாரங்கள் என்ற கேள்விக்கு விடை, இத்தனை வாரங்கள் உண்மையில் இல்லை என்பதுதான். உயர்மட்டக் கல்லூரி அணிகளுக்கு முதல் ஆட்டத்துக்கு முன் 25 பயிற்சிகளுக்கு மட்டுமே அனுமதி. அந்த இருபத்தைந்தும் ஒரே தரத்தவை அல்ல.

முதல் சில நாட்கள் ஹெல்மெட் மட்டும். பிறகு தோள்கவசம். அதன் பிறகுதான் முழுக் கவசம். உடல் வெயிலுக்குப் பழக வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஆகஸ்டில் அலபாமாவும் டெக்சஸும் கொதிக்கும். வெப்பத்தாக்கு இந்த விளையாட்டில் உயிர்களைக் குடித்திருக்கிறது. 2018 மே மாதத்தில் மேரிலாந்து பல்கலைக்கழக அணியின் ஜோர்டன் மெக்நேர் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத்தாக்குக்கு ஆளாகி, ஜூன் மாதம் இறந்தார், வயது 19. அந்த ஆண்டு அக்டோபரில் தலைமைப் பயிற்சியாளர் பதவி நீக்கப்பட்டார். ஒரு நாளில் இரண்டு முறை மோதல் பயிற்சி நடத்துவதை அதற்கு முந்தைய ஆண்டே என்சிஏஏ தடை செய்திருந்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு அது.

2021இல் தலைக்காயம் பற்றிய ஆய்வு முடிவுகளையொட்டி அதே அமைப்பு கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கியது. முழுக் கவசத்தோடு நடக்கும் பயிற்சிகள் ஒன்பதுக்கு மேல் கூடாது. தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் முழு மோதல் கூடாது. ஒரே பயிற்சியில் மோதல் நேரம் 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஸ்கிரிமேஜ் எனப்படும், உண்மையான ஆட்டம் போலவே இரு பக்கமாகப் பிரிந்து ஆடும் ஒத்திகை இரண்டு மட்டுமே. இந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேர்வு செய்ய வேண்டியவரின் கையில் மிஞ்சும் சான்றுகள் சில நூறு ஸ்னாப்புகள்தான். அவற்றையும் இரண்டாகப் பங்கிட வேண்டும்.

பங்கீடுதான் பெரிய சிக்கல். முதல்நிலை ஆட்டக்காரர்களோடு ஒருவருக்கு எத்தனை முறை வாய்ப்பு என்பதைப் பயிற்சியாளர்கள் எண்ணிக் கொடுக்கிறார்கள். பாதிப் பாதி கொடுத்தால் போட்டி நியாயமாக இருக்கும்; ஆனால் தொடங்கப்போகிறவர் தன் பந்துபிடிப்பவர்களோடு பழகும் நேரமும் பாதியாகிவிடும். இருபது கெஜம் தள்ளி ஓடுகிறவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டிய விளையாட்டில் அந்தப் பழக்கம் சிறிய விஷயம் அல்ல. அதனால்தான் முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கும்போது, பெரும்பாலும் இரண்டாவது ஸ்கிரிமேஜை ஒட்டி, முடிவை எடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. பயிற்சியில் குவார்ட்டர்பேக்கை யாரும் அடிக்கக் கூடாது. அவர் தனி நிறச் சட்டை அணிந்திருப்பார். எதிரில் வருபவர் தொட்டால் போதும், பயிற்சியாளர் விசிலை ஊதிவிடுவார். ஆளைக் காப்பதற்கு வேறு வழியில்லை. ஆனால் ஒரு குவார்ட்டர்பேக்கிடம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தியே, அடி விழப்போகிறது என்று தெரிந்தும் நின்று எறிவாரா என்பது. அது மட்டும் முகாமில் தெரியாது. முகாமில் ஒளிவீசியவர்கள் செப்டம்பரில் மங்குவதற்கும், சாதாரணமாகத் தெரிந்தவர்கள் ஆட்டத்தில் எழுந்து நிற்பதற்கும் பாதிக் காரணம் இங்கேயே இருக்கிறது.

பயிற்சியாளர் எதை எடைபோடுகிறார்

ரசிகர் கேட்பது யாருடைய கை வலுவானது என்பதை. பயிற்சியாளரின் பட்டியல் வேறு. அணிக்கு அணி அளவு மாறினாலும் பொதுவாகப் பார்க்கப்படுபவை இவை:

1. பந்தைத் தொலைக்காமல் இருப்பது. எதிரணி நடுவில் புகுந்து பந்தைப் பிடித்துவிடும் இன்டர்செப்ஷனும், கைநழுவிப் பந்தைப் பறிகொடுப்பதும் ஒவ்வொரு நாளும் கணக்கில் ஏறும். 60 கெஜம் எறிந்து கைதட்டல் வாங்குபவரைவிட, எறிய வழியில்லாதபோது பந்தை வெளியே வீசிவிடுபவர் பல பயிற்சியாளர்களுக்குப் பிடித்தமானவர். ரசிகர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஆண்டுதோறும் மூளும் சண்டைக்கு இதுவே வேர்.

2. ஸ்னாப்புக்கு முந்தைய வேலை. எதிரணியின் நிற்பைப் பார்த்து, திட்டமிட்டதை மாற்றி, பத்துப் பேரையும் சரியான இடத்தில் நிறுத்துவது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. மூத்த மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முந்துகிறார்கள்.

3. கால்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை பலவீனமாக இருந்தால் ஓடித் தப்பக்கூடியவருக்குக் கூடுதல் மதிப்பு. அதே இருவர், வலுவான முன்வரிசை கொண்ட வேறோர் அணியில் இருந்தால் முடிவு தலைகீழாகலாம்.

4. மற்றவர்கள் அவரை நம்புகிறார்களா. அளக்க முடியாதது. ஆனால் முன்வரிசை ஆட்டக்காரர்களிடம் தனித்தனியாகக் கேட்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கடைசி அம்சத்தை ஏமாற்றுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், எண்களால் நியாயப்படுத்த முடியாத தேர்வை நியாயப்படுத்த அது வசதியான திரையாகவும் இருக்கிறது.

வாய் திறக்காததன் காரணங்கள்

2015இல் ஒஹையோ ஸ்டேட்டின் அர்பன் மையர் கார்டேல் ஜோன்ஸ், ஜே.டி. பேரட் இருவரில் யார் என்று முகாம் முழுக்கச் சொல்லவில்லை. செப்டம்பர் 7 அன்று வர்ஜீனியா டெக்குக்கு எதிராக முதல் ஸ்னாப்பை ஜோன்ஸ் வாங்கியபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது. சில அணிகள் அதிகாரப்பூர்வ ஆட்டக்காரர் வரிசைப் பட்டியலிலேயே இரண்டு பெயர்களுக்கு நடுவே "அல்லது" என்று அச்சிட்டு வெளியிட்டுவிடும்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எதிரணி: ஓடும் குவார்ட்டர்பேக்குக்கு ஒரு தயாரிப்பு, நின்று எறிபவருக்கு வேறொன்று, யார் என்று தெரியாவிட்டால் எதிரி இரண்டுக்கும் நேரம் செலவிட வேண்டும். உண்மைதான், ஆனால் சிறிய ஆதாயம். 2018 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கிய பிறகு அணிக்குள்ளிருந்து கசியும் ஒவ்வொரு தகவலுக்கும் விலை வந்துவிட்டது என்பது மற்றொன்று. செய்தியாளர்களுக்குப் பல முகாம்களில் தசை நீட்டும் முதல் சில நிமிடங்கள் மட்டுமே காட்டப்படுகின்றன.

இவற்றையெல்லாம்விட பெரிய காரணம் அணிக்குள் இருக்கிறது. தோற்றவர் தோற்றுவிட்டார் என்று எந்த நாளில் சொல்கிறார்களோ, அந்த நாளிலிருந்து அவரை இழக்கும் வாய்ப்பு தொடங்குகிறது.

இரண்டாம் இடத்தின் வரலாறு

தோற்றவரை இழந்தால் என்ன, வென்றவர் இருக்கிறாரே என்று தோன்றலாம். கடந்த சில பத்தாண்டுகளின் சாம்பியன்ஷிப் கதைகளைப் புரட்டினால் அந்த எண்ணம் மாறிவிடும்.

மிச்சிகனில் 1998இல் டாம் பிரேடி தொடக்க இடத்தைப் பிடித்தார். ஆனால் அந்த ஆண்டு வந்துசேர்ந்த ட்ரூ ஹென்சன் மீதுதான் ஊருக்கே கண். 1999இல் பயிற்சியாளர் லாய்ட் கார் ஒரு வினோத ஏற்பாடு செய்தார்: முதல் கால்பகுதி பிரேடிக்கு, இரண்டாவது ஹென்சனுக்கு, பிற்பாதி யார் நன்றாக ஆடினாரோ அவருக்கு. சீசனின் நடுவில் இடம் நிரந்தரமாக பிரேடியிடம் வந்தது. ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் அலபாமாவை 35-34 என்று கூடுதல் நேரத்தில் வென்று முடித்தார். அடுத்த சில மாதங்களில் தொழில்முறை அணிகள் 198 பேரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அவர் பெயரை அழைத்தன. பிறகு அவர் தொழில்முறைப் போட்டியின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை ஏழு முறை வென்றது எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் மதிப்பீடுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

2014 ஒஹையோ ஸ்டேட் இன்னும் கூர்மையான பாடம். முதன்மைக் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்ட் முகாமிலேயே தோளைக் காயப்படுத்திக்கொண்டார். பேரட் வந்தார், மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்குக் கணுக்கால் முறிந்தது. மூன்றாமவரான ஜோன்ஸ் வந்தார். விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரிகனை 42-20 என்று வரிசையாகத் தோற்கடித்துத் தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆகஸ்டில் அர்பன் மையர் வாயைத் திறக்காததற்கு இதுதான் பின்னணி. மூவருமே ஓர் அணியை நடத்தக்கூடியவர்கள். மில்லர் பந்துபிடிப்பவராக மாறினார். மீதி இருவரில் ஒருவரை உட்காரவைக்க வேண்டியிருந்தது.

அலபாமாவில் 2018 ஜனவரி 8 அன்று, ஜார்ஜியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் இடைவேளையில் 13-0 என்று பின்தங்கியிருந்தபோது நிக் சேபன் ஒரு முடிவெடுத்தார். இரண்டு சீசன்களில் 26 வெற்றி, இரண்டே தோல்வி என்று கணக்கு வைத்திருந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 41 கெஜ டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) எறிதலோடு 26-23 என்று ஆட்டம் முடிந்தது. அந்தக் கோடை முழுவதும் நாட்டின் மிகப் பரபரப்பான குவார்ட்டர்பேக் போட்டி அங்கேதான். டுவா வென்றார். ஹர்ட்ஸ் போகவில்லை, இருந்தார். டிசம்பர் 1 அன்று அதே ஜார்ஜியாவோடு நடந்த மாநாட்டு (பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த போட்டிக் குழு) இறுதியில் டுவாவுக்குக் கணுக்கால் அடிபட்டது. கடைசிக் கால்பகுதியில் ஹர்ட்ஸ் இறங்கி 35-28 என்று வென்று கொடுத்தார். அடுத்த ஆண்டு ஓக்லஹோமாவுக்குப் போய் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார்.

அதே 2018இல் கிளெம்சனில் கெல்லி பிரையன்ட் எடுத்த முடிவு வேறு. முதல் நான்கு ஆட்டங்களைத் தொடங்கியிருந்த அவரை விலக்கி, முதலாண்டு மாணவர் ட்ரெவர் லாரன்ஸை பயிற்சியாளர் டேபோ ஸ்வினி முதன்மையாக்கினார். நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் மாணவருக்கு ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளில் ஒன்று செலவாகாது என்ற புதிய ரெட்ஷர்ட் விதி அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. கணக்கு பார்த்த பிரையன்ட் சில நாட்களில் வெளியேறினார். அடுத்த சனிக்கிழமையே சிரக்யூஸுக்கு எதிரான ஆட்டத்தில் லாரன்ஸ் அடிபட்டு விழுந்தார். பெரிதாக யாரும் அறியாத சேஸ் பிரைஸ் கடைசியில் 94 கெஜம் அணியை நகர்த்தி 27-23 என்று மீட்டார். கிளெம்சன் அந்த ஆண்டு 15-0, அதாவது 15 வெற்றி, தோல்வியே இல்லை. அந்த ஒரு பிற்பகல் சறுக்கியிருந்தால் அந்தக் கணக்கு இருந்திருக்காது.

மாற்று ஆள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 2023 காட்டியது. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் ஜோர்டன் ட்ராவிஸ் நவம்பரில் காலை முறித்துக்கொண்டார். இரண்டாமவரும் தலைக்காயத்தால் விலக, மூன்றாமவரை வைத்து மாநாட்டுப் பட்டத்தை 16-6 என்று வென்றார்கள். கணக்கு 13-0. ஆனாலும் பட்டத்தைத் தீர்மானிக்கும் நான்கு அணி பிளேஆஃபுக்குள் அவர்களைத் தேர்வுக் குழு சேர்க்கவில்லை. ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவைச் சேர்த்தது. ட்ராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்பது குழு சொன்ன காரணம். எல்லா ஆட்டங்களையும் வென்ற ஓர் அணியை அதன் மாற்றுக் குவார்ட்டர்பேக்கை வைத்து எடைபோட்டது நியாயமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், களத்தில் வென்றதைத் தாளில் பறித்த முடிவு அது.

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். பட்டம் வெல்ல 16 ஆட்டங்கள்கூட ஆட வேண்டியிருக்கலாம்; முதல் ஆண்டே ஒஹையோ ஸ்டேட்டும் நோட்டர் டேமும் அத்தனை ஆட்டங்களை ஆடின. அதே ஆண்டு மாநாட்டு இறுதியில் ஜார்ஜியாவின் கார்சன் பெக் முழங்கை அடிபட்டு விலக, பிளேஆஃபில் கன்னர் ஸ்டாக்டன் தொடங்க வேண்டியதாயிற்று. ஆட்டங்கள் கூடக் கூட, இரண்டாமவர் களமிறங்கும் வாய்ப்பும் கூடுகிறது.

போர்ட்டலும் பணமும்

இரண்டாமவரின் தேவை கூடிய அதே காலத்தில் அவரைப் பிடித்துவைப்பது கடினமாகிவிட்டது. இது எப்படி நடந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும்.

1. முன்பு பல்கலைக்கழகம் மாறினால் பொதுவாக ஓர் ஆண்டு ஆடாமல் இருக்க வேண்டும். பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் சலுகை. 2018இல் ஒஹையோ ஸ்டேட்டில் ட்வெயின் ஹாஸ்கின்ஸ்தான் முதன்மைக் குவார்ட்டர்பேக் என்பது தெரிந்ததும், பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எல்எஸ்யுவுக்குப் போன ஜோ பர்ரோ அந்த வழியில் போனவர். அடுத்த ஆண்டு 60 டச்டவுன் எறிந்தார், ஹைஸ்மன் வென்றார், அணி 15-0 என்று பட்டம் வென்றது.

2. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது: தன் பெயரைப் பதிவு செய்தால் மற்றப் பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பேசலாம். 2021இல் ஒருமுறை மாறினால் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். 2024இல், படிப்பில் தகுதியோடு இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று.

3. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு விற்கலாம். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதலளித்த, என்சிஏஏ மீது ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. கால்பந்து அணிக்கு 105 பேர் என்ற வரம்பும் அதோடு வந்தது.

இந்த மூன்றும் சேர்ந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கு விலை வந்துவிட்டது. வேறிடத்தில் தொடங்கினால் இத்தனை டாலர், இங்கே காத்திருந்தால் இத்தனை என்று கணக்கிட முடிகிறது. 20 வயது இளைஞர் அந்தக் கணக்கைப் போடுவதில் தவறில்லை. அவரைத் துரோகி என்று ஏசும் ரசிகர்கள், கூடுதல் சம்பளத்துக்காக ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகும் பயிற்சியாளர்களை அதே மூச்சில் ஏசுவதில்லை.

2025 வரை போர்ட்டலில் பெயர் பதிய இரண்டு திறப்புகள் இருந்தன: சீசன் முடிந்ததும் ஒன்று, வசந்தகாலப் பயிற்சிகள் நடக்கும் ஏப்ரலில் ஒன்று. இந்த இரண்டாவது திறப்புதான் ஆகஸ்ட் நாடகத்தை உருவாக்கியது. வசந்தத்திலேயே முதன்மைக் குவார்ட்டர்பேக்கை அறிவித்தால் மற்றவர் ஏப்ரலில் போய்விடுவார். எனவே போட்டி சமம் என்று சொல்லிக்கொண்டே திறப்பு மூடும் வரை ஓட்டுவது பயிற்சியாளருக்கு லாபம். நோட்டர் டேமில் 2025 வசந்தத்தில் போட்டி மூவருக்கிடையே இருந்தது. மூன்றாமவரான ஸ்டீவ் ஆஞ்செலி ஏப்ரலில் விலகி சிரக்யூஸுக்குப் போனார். அதனால்தான் ஆகஸ்டில் இரண்டு பெயர்கள் மட்டும் மிஞ்சின.

அதே ஏப்ரலில் நடந்த இன்னொன்று இதைவிட வியப்பானது. டென்னசியைப் பிளேஆஃபுக்கு அழைத்துச் சென்றிருந்த நிக்கோ இயாமலியாவா, ஊதியப் பேச்சு குறித்த செய்திகளுக்கு நடுவே, வசந்தகாலப் பயிற்சியின் ஒத்திகை ஆட்டமான வசந்த ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சிக்கு வரவில்லை. மறுநாள் பயிற்சியாளர் ஜாஷ் ஹைப்பல் அவரில்லாமல் தொடர்வதாக அறிவித்தார். நிக்கோ யுசிஎல்ஏவுக்குப் போனார். அங்கே தொடக்க ஆட்டக்காரராக எதிர்பார்க்கப்பட்ட ஜோயி அகியூலார் இடமிழந்து டென்னசிக்கு வந்தார். ஆகஸ்ட் போட்டியில் வென்று அங்கே முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். பணமும் திறப்பும் ஒன்றாக இருந்தால் இரண்டு பல்கலைக்கழகங்கள் சில வாரங்களில் குவார்ட்டர்பேக்குகளைப் பண்டமாற்று செய்துகொள்ள முடியும் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். வசந்த ஆட்டத்தைப் பொதுமக்கள் முன் நடத்தினால் நம் ஆட்களை மற்றவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்று அஞ்சி நெப்ராஸ்கா அந்த ஆண்டு அதன் வழக்கமான வடிவத்தையே கைவிட்டது.

இப்போது விதி மாறியிருக்கிறது. ஏப்ரல் திறப்பு நீக்கப்பட்டது; 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே திறப்பு. தலைமைப் பயிற்சியாளர் மாறிய அணிகளுக்குத் தனி அவகாசம். இதன் விளைவுகள் இரண்டு திசையிலும் போகும் என்று நினைக்கிறேன். வசந்தத்தில் தோற்றவர் உடனே ஓட முடியாது என்பதால், பயிற்சியாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் துணிவு வரலாம். முதன்மைக் குவார்ட்டர்பேக்குக்குக் கோடை முழுவதும் கூடுதல் பழக்கம் கிடைக்கும். மறுபுறம், யார் எதிர்காலம் என்ற முடிவை ஒரு ஸ்னாப்கூட ஆடிப் பார்க்காமல் ஜனவரியிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து விலைகொடுத்து ஒரு குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்த அணியில் ஆகஸ்ட் போட்டி என்று ஒன்று நடக்கிறதென்றால், அது பெரும்பாலும் சடங்குதான்.

முகாம் செய்திகளைப் படிக்கும்போது

1. ஸ்கிரிமேஜ் எண்களை மதிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அணி. குவார்ட்டர்பேக் அருமையாக ஆடினார் என்றால் தடுப்பாட்டம் சொதப்பியது என்றும் பொருள். எந்த நிலை ஆட்டக்காரர்களுக்கு எதிராக எறிந்தார் என்பதைச் சொல்லாத செய்தி பாதிச் செய்தி.

2. முதல்நிலை ஆட்டக்காரர்களோடு யார் அதிகம் இறங்குகிறார் என்பதே உருப்படியான தடயம். பாதிப் பாதி என்பது ஒருநாள் எழுபது முப்பது ஆனால் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, அறிவிப்பு மட்டும் பாக்கி.

3. இருவருமே எங்களை வெற்றிபெற வைப்பார்கள் என்று பயிற்சியாளர் சொன்னால் அது ஆட்டக்காரர்களின் காதுக்குச் சொன்னது, ரசிகருக்கானது அல்ல.

4. முதல் ஆட்டத்தின் முடிவை வைத்துத் தேர்வு சரியா தவறா என்று தீர்ப்பு எழுத வேண்டாம். 2025இல் காரைத் தேர்ந்தெடுத்த நோட்டர் டேம் மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று முதல் இரண்டையும் தோற்றது. அடுத்த பத்தையும் வென்றது. அப்படியும் பிளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. நான்கே புள்ளிகள். அவற்றை இளம் குவார்ட்டர்பேக்கின் தலையில் கட்டுவது எளிது. அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் பக்கம் 40 புள்ளி எடுத்திருந்தது.

5. ஊரில் மிகப் பிரியமானவர் எப்போதும் இரண்டாமவர்தான், ஏனென்றால் அவர் இன்னும் தவறு செய்யவில்லை. 2021இல் ஓக்லஹோமா ரசிகர்கள் சொந்த மைதானத்திலேயே ஸ்பென்சர் ராட்லரை எதிர்த்து கேலப் வில்லியம்ஸ் வேண்டும் என்று முழங்கினார்கள். டெக்சஸுக்கு எதிராக வில்லியம்ஸ் இறங்கி 55-48 என்று மீட்டபோது அந்த ரசிகர்கள் சொன்னது சரியென்றே ஆயிற்று. சீசன் முடிந்ததும் ராட்லர் சவுத் கரோலினாவுக்குப் போனார். வில்லியம்ஸும் தன் பயிற்சியாளரைத் தொடர்ந்து யுஎஸ்சிக்குப் போய்விட்டார், அங்கே 2022இல் ஹைஸ்மன் வென்றார். ஓக்லஹோமாவுக்கு இருவரும் மிஞ்சவில்லை.

6. அறிவிப்பு வந்த பிறகு செப்டம்பரின் எளிய ஆட்டங்களைக் கடைசிவரை பார்ப்பது நல்லது. 40 புள்ளி முன்னிலையில் இருக்கும்போது இரண்டாமவருக்கு உண்மையான எறிதல்களைக் கொடுக்கிறார்களா, அல்லது பந்தைக் கைமாற்றி நேரத்தைப் போக்கச் சொல்கிறார்களா? நவம்பரில் ஒரு கணுக்கால் திரும்பினால் அந்த அணி என்ன ஆகும் என்பதும், ஜனவரித் திறப்பில் அவர் பெயர் வருமா என்பதும் பெரும்பாலும் அந்த வெறிச்சோடிய கடைசிக் கால்பகுதியிலேயே தெரிந்துவிடும்.